முன்னூற்றுப் பன்னிரண்டாவது பரிசு

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை ஃபிரிட்ஜ் மெக்கானிக் மூன்று முறை படித்தார். முதல் முறை படித்தபோது மகளுக்கு ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்தார். இரண்டாம் முறை ஏதோ கெட்டது நடந்துவிட்டது போலத் தோன்றியது. மூன்றாம் முறைக்குப் பிறகு, எது நடந்திருந்தாலும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தான் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது மட்டும் உறுதியானது.

கடிதம் இதுதான்: 'பேரன்புடைய பெற்றோருக்கு, நம் பள்ளியின் ஆண்டு நிறைவு விழாவில் மாணவியர் அனைவரும் பரிசு பெறவிருக்கும் மகிழ்ச்சியான செய்தியைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம். தங்கள் புதல்வி மட்டும் இதுவரை எதிலும் சிறந்து விளங்கவில்லை என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

அந்தப் பள்ளியிலிருந்து வெளியே போகும் எந்தக் கடிதத்திலும் மகிழ்ச்சி என்ற சொல் மூன்று இடத்திலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சாகாது என்றொரு விதி உண்டு. அது மெக்கானிக்குக்குத் தெரிய வழியில்லை. அது பெண் குழந்தைகளுக்கான தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். அவருடைய ஒரே மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் பொடிசு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் பள்ளியிலும் பொடிசு என்றே ஆகிவிட்டவள். பள்ளிக்கூட விவகாரங்களை எல்லாம் மனைவிதான் பார்ப்பது வழக்கம். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வாரம் முழுக்க அவருக்குக் காலை டியூட்டி.

"போங்க, உக்காருங்க, கேளுங்க, கையெழுத்து போடுங்க, வந்துடுங்க" என்றார் மனைவி. "நடுவுல எதுவும் பேசாதீங்க."

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் ஸ்பேனர் பையோடு போய் நின்றார். காவலாளி பையை வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையைக் கொடுத்தார். 'பார்வையாளர்' என்று எழுதி, கீழே சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தது. அட்டையை மாட்டிய பிறகும் காவலாளி கதவைத் திறக்கவில்லை. அட்டையில் உள்ளது போலவே முகம் இருந்தால்தான் உள்ளே விட வேண்டும் என்று அவருக்கு உத்தரவாம். மெக்கானிக் சிரித்தார். காவலாளி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றார். மெக்கானிக் கடைவாய்ப் பல் தெரியும் வரை சிரித்ததும் கதவு திறந்தது.

தலைமையாசிரியை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைமையாசிரியை. அவருக்கு வலப்பக்கம் விழா ஒருங்கிணைப்பாளர் அம்மா, கழுத்தில் விசில், கையில் தடிமனான நோட்டு. இடப்பக்கம் பொடிசின் வகுப்பு ஆசிரியை. அந்த ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அவர் காலையிலேயே அன்றைய பங்கைச் சிரித்து முடித்துவிட்டவர் போலக் களைத்திருந்தார்.

தலைமையாசிரியை விஷயத்தை ஆதியிலிருந்து தொடங்கினார். போன வருடம் பரிசு பெற்றவர்கள் நாற்பது பேர்தான். பரிசு பெறாத குழந்தைகள் சும்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். அவர்களுடைய பெற்றோர்தான் மறுநாள் வரிசையில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு தலைமையாசிரியை இரண்டு நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய், போட்டி என்பதே குழந்தைகளுக்கு ஆகாது என்று கற்றுக்கொண்டு திரும்பினார். அதன்படி இந்த வருடம் எல்லாருக்கும் பரிசு. ஆனால் இரண்டு பேருக்கு ஒரே பரிசைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆதாரம் இல்லாமலும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பரிசுக்கு மரியாதை போய்விடும்.

"எங்க பள்ளியில போட்டியே கிடையாது" என்றார் தலைமையாசிரியை. "அதுல இந்த வட்டாரத்துலயே நாங்கதான் முதலிடம்."

ஒருங்கிணைப்பாளர் நோட்டைத் திறந்து, அதுவரை கண்டுபிடித்த முன்னூற்றுப் பதினொரு பரிசுகளில் சிலவற்றை வாசித்துக் காட்டினார். பென்சில் சீவும்போது சுருள் அறுபடாமல் சீவியவர். தும்மிய பிறகு தானாகவே மன்னிப்புக் கேட்டவர். பல் விழுந்ததை முதலில் ஆசிரியையிடம் தெரிவித்தவர். எதிர்காலத்தில் உயரமாக வளரும் அறிகுறி உள்ளவர். சென்ற ஆண்டைவிடக் குறைவாகக் கடித்தவர்.

"இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா?" என்று மெக்கானிக் தன்னையறியாமல் கேட்டுவிட்டார்.

"கடிச்சதுக்கு நானே சாட்சி" என்று வகுப்பு ஆசிரியை முழங்கையைக் காட்டினார்.

மிச்சம் இருப்பது பொடிசு ஒருத்திதான். அவள் எதிலும் முதலாக வரவில்லை. கடைசியாக வந்திருந்தாலாவது 'அதிக முன்னேற்றத்துக்கு இடமுள்ளவர்' என்று கொடுத்திருக்கலாம், அதற்கும் வேறொருத்தி முந்திக்கொண்டாள் என்று ஒருங்கிணைப்பாளர் வருத்தப்பட்டார். மகிழ்ச்சிக் கல்வி வாரியத்தின் துணைத்தலைவர் சனிக்கிழமை விழாவுக்கு நேரில் வருகிறார். நூற்றுக்கு நூறு பரிசு என்றால் 'முழு மகிழ்ச்சிப் பள்ளி' என்று சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கிடைக்கும். அதை மாட்டுவதற்காகத் தலைமையாசிரியையின் நாற்காலிக்குப் பின்னால் ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

"முன்னூத்திப் பதினொண்ணுன்னா தொண்ணூத்தொம்பது புள்ளி ஆறு எட்டு சதவீதம்தான் வருது" என்றார் தலைமையாசிரியை. "மிச்சம் இருக்கற பூஜ்யம் புள்ளி மூணு ரெண்டு சதவீதம்தான் உங்க பொண்ணு."

மெக்கானிக்குக்கு அது பாராட்டா குற்றச்சாட்டா என்று புரியவில்லை. அவர் வேலை பார்க்கும் ஃபிரிட்ஜ்கள் இவ்வளவு சுற்றி வளைப்பதில்லை. ஒன்று குளிரும், இல்லாவிட்டால் குளிராது. கொடுத்த பதினான்கு பக்கப் படிவத்தை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

படிவத்தின் பெயர் 'மறைந்திருக்கும் திறமையை வெளிக்கொணரும் பெற்றோர் வாக்குமூலம்'. நான்காவது பக்கத்தில், கருவில் இருந்தபோது குழந்தை ஏதேனும் தனித்திறமையை வெளிப்படுத்தியதா என்று ஒரு கேள்வி இருந்தது. மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு மனைவியைக் கேட்டார். ஏழாம் மாதத்திலிருந்து நன்றாக உதைத்தாள், இப்போது ஒரு பெட்டுக்கு ஊசி போட வேண்டும், போனை வையுங்கள் என்று பதில் வந்தது. 'உதைத்தாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை பொடிசுக்குக் கால்பந்துத் தேர்வு வைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் விசில் ஊத, பொடிசு பந்தை ஒரு முறை உதைத்தாள். பந்து கொஞ்ச தூரம் போய் நின்றது. போய் எடுத்துவரச் சொன்னார்களா என்று அவள் கேட்டாள். அதோடு கால்பந்து முடிந்தது. அடுத்து ஓவியம். அவள் ஒரு வீடு வரைந்தாள். ஒருங்கிணைப்பாளர் அதைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், கடைசி நம்பிக்கையாகத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் அது ஒரு வீடாகவே இருந்தது.

ஓட்டத்தில் ஏழு பேரில் ஐந்தாவதாக வந்தாள். ஒருங்கிணைப்பாளர் துள்ளிக் குதித்தார். நான்காவதாக வந்திருந்தால் 'மிகச் சரியாக நடுவில் வருபவர்' என்று ஒரு பரிசு கொடுத்துவிடலாமே. மறுபடி ஓடச் சொன்னார்கள். மறுபடியும் ஐந்தாவதாக வந்தாள். மூன்றாம் முறை, பக்கத்தில் ஓடியவளுக்கு ஷூ லேஸ் அவிழ்ந்துபோக, நின்று கட்டிவிட்டு ஆறாவதாக வந்தாள். வகுப்பு ஆசிரியை, அப்படியென்றால் 'உதவும் உள்ளம்' பரிசைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அதற்கு ஏற்கெனவே ஒரு மாணவி முறைப்படி விண்ணப்பித்துப் பெற்றுவிட்டாள் என்று ஒருங்கிணைப்பாளர் நோட்டைக் காட்டினார்.

அதற்குமேல் அவர் பின்தொடர்ந்து கண்காணிக்கும் முறையைக் கையில் எடுத்தார். புதனும் வியாழனும் பொடிசு போகும் இடமெல்லாம் பத்தடி பின்னால் நோட்டோடு போனார். பிற்பாடு வகுப்பு ஆசிரியை அந்த நோட்டில் ஒரு பக்கத்தை மெக்கானிக்கிடம் காட்டினார்: 'பத்தே கால்: சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். பத்து இருபது: மூடினார். வியப்பதற்கு ஒன்றுமில்லை. பத்து இருபத்தைந்து: என்னைப் பார்த்து, "மிஸ், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். பத்து இருபத்தாறு: நான் மரத்துக்குப் பின்னால் சென்றேன்.'

மெக்கானிக்கும் சும்மா இருக்கவில்லை. அவருக்குள்ளே ஏதோ ஒன்று கிளம்பிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூடத்தில் நிறுத்தி, ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று கடிகாரம் பார்த்தார். மூச்சடக்கச் சொன்னார். நாக்கால் மூக்கைத் தொடச் சொன்னார். விசிலடிக்கச் சொன்னார், காற்றுதான் வந்தது. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லிவிட்டு, சரியா தப்பா என்று பார்க்கத் தனக்கே தெரியாமல் திண்டாடினார். பொடிசு எல்லாவற்றையும் சந்தோஷமாகச் செய்தாள். அப்பா விளையாட வந்திருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அப்பா, நீ எதுலப்பா ஃபர்ஸ்ட்டு?"

மெக்கானிக் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பள்ளிக்கூட நாட்களில் அவர் பரிசு வாங்கியதில்லை. வாங்காதது பற்றி யாரும் கடிதம் எழுதவும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரைச் சீக்கிரமாக மாற்றுவேன் என்று கடைசியில் சொன்னார். அதற்கு என்ன கொடுத்தார்கள் என்று அவள் கேட்க, டீ கொடுத்தார்கள் என்றார். அது போதுமே என்பது போல அவள் தலையாட்டிவிட்டு, மறுபடி ஒற்றைக் காலில் நிற்கட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம்மா. கால இறக்கு" என்றார் மெக்கானிக். அவருக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி அழைப்பு வந்தது. அதே அறை, அதே மூன்று பேர். சுவரில் ஆணி பளபளத்தது. இந்த முறை தலைமையாசிரியை குரலைத் தாழ்த்திப் பேசினார். எவ்வளவோ தேடியும் திறமை அகப்படவில்லை. எனவே ஒரு யோசனை. நாளை ஒரு நாள் மட்டும் பொடிசு மருத்துவ விடுப்பில் இருந்துவிட்டால், வருகைப் பதிவேட்டில் முன்னூற்றுப் பதினொரு பேர், பரிசும் முன்னூற்றுப் பதினொன்று. கணக்கு நேராகிவிடும். தாயார் ஆஸ்பத்திரியில் இருப்பதால் சான்றிதழ் வாங்குவதிலும் சிரமம் இருக்காது.

மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருங்கிணைப்பாளர் சமாதானம் சொல்ல முன்வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. யாரையும் விட்டுடக் கூடாதுங்கறதுதான் எங்க கொள்கை. அதனாலதான் உங்க பொண்ண மட்டும் விட்டுடலாம்னு பாக்கறோம்."

மெக்கானிக் வராந்தாவுக்கு வந்து மனைவிக்கு போன் போட்டார்.

"என்ன வியாதின்னு எழுதச் சொல்றாங்க?" என்றார் மனைவி. "சாதாரணமா இருக்கறதுன்னா? அதுக்கு எங்ககிட்ட வார்டு கிடையாதுன்னு சொல்லுங்க." பிறகு, "நான் பேச வேணாம்னு சொன்னேன்ல, இப்பப் பேசுங்க" என்றார்.

மெக்கானிக் உள்ளே போய்ப் பேசினார். அவருக்கு நீளமாகப் பேச வராது. எங்கள் பெண் நாளைக்கு வருவாள் என்று ஒருமுறை சொன்னார். தலைமையாசிரியை சதவீதத்தை விளக்கினார். எங்கள் பெண் நாளைக்கு வருவாள் என்றார். ஒருங்கிணைப்பாளர் வாரியத்தின் சுற்றறிக்கையை வாசித்தார். எங்கள் பெண் நாளைக்கு வருவாள் என்று ஐந்தாம் முறை அவர் சொன்னபோது குரல் பழைய கம்ப்ரசர் போல அதிரத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் வகுப்பு ஆசிரியை வாயைத் திறந்தார்.

"மேடம், பார்வையாளருக்குப் பரிசு குடுக்கணும்னு விதி இல்லையே."

தலைமையாசிரியையின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. அப்படியே முடிவாயிற்று. சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் பொடிசு அந்தப் பள்ளியின் மாணவி அல்ல. வெளியிலிருந்து வரும் பார்வையாளர். அவளுக்கும் ஓர் அட்டை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காவலாளி அந்த அட்டையைப் பொடிசின் கழுத்தில் மாட்டினார். சிரி என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை; அவளுடைய வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத அட்டை அது. வகுப்பு ஆசிரியை அவளை வாசலில் எதிர்கொண்டு, விதிப்படி "வாங்க, உக்காருங்க" என்றார். பொடிசுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீங்கள் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று அவளுடைய தோழிகள் வந்து வந்து விசாரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

மண்டபத்தில் ஆயிரம் நாற்காலி போட்டிருந்தார்கள். பெற்றோர், பெரியம்மா, சித்தப்பா, கைக்குழந்தை என்று எல்லாம் நிரம்பி, பின்னால் நிற்கவும் ஆட்கள். பொடிசும் மெக்கானிக்கும் பார்வையாளர் என்பதால் நடு வரிசையில் இரண்டு நாற்காலி. மேடையில் வாரியத் துணைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் கூடவே ஒரு பெட்டி வந்திருந்தது. அதன் பெயர் மகிழ்ச்சிமானி. கைதட்டல் சத்தத்தை அளந்து, ஒன்று முதல் பத்து வரை முள்ளால் காட்டும்; ஐந்துக்குக் கீழே நின்றுவிட்டால் சான்றிதழ் கிடையாது. அது ஸ்டெபிலைசரில் இருக்கும் முள்தான் என்பது மெக்கானிக்குக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடித்து விழா விதிகளை அறிவித்தார். பரிசு பெற்றவர் மேடையிலிருந்து இறங்கக் கூடாது. மேலே ஏறிய குழந்தையைக் கீழே இறக்கினால் அதன் மனமும் இறங்கிவிடும் என்று முகாமில் சொல்லியிருக்கிறார்கள். வெற்றி குடும்பத்துக்கே உரியது என்பதால், குழந்தையோடு குடும்பமும் மேடையேறி அங்கேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் இடக்கையில் கேடயம், வலக்கையில் சான்றிதழ். கூட ஏறும் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு பூந்தொட்டி. அதை இரண்டு கையாலும்தான் பிடிக்க முடியும்.

தொடங்கியது. "கதவைச் சாத்தும்போது விரலை நசுக்கிக்கொள்ளாதவர்." கைதட்டல். ஒரு குடும்பம் ஏறியது. "மழை வரும் என்று சொன்னபோது மழை வந்தவர்." கைதட்டல். இன்னொரு குடும்பம் ஏறியது. நாற்பதாவது பரிசில் மேடை நிறைந்துவிட்டது. வகுப்பறைகளிலிருந்து பெஞ்சுகளைக் கொண்டுவந்து முன்னால் சேர்த்தார்கள். நூறாவது பரிசில் சாப்பாட்டு மேசைகள் வந்தன. மேடை மண்டபத்துக்குள் நடந்து வந்து முதல் ஐந்து வரிசைகளை விழுங்கியது. மேடை வளர வளர நாற்காலிகள் காலியாயின. கைதட்டலும் மெலிந்துகொண்டே போயிற்று. துணைத்தலைவரின் பெட்டியில் முள் ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கியது, ஆறிலிருந்து நாலுக்கு.

பன்னிரண்டரை மணிக்கு மனைவி டியூட்டி முடிந்து யூனிஃபாரத்தோடு ஓடி வந்தார். மண்டபத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். ஆயிரம் காலி நாற்காலி. நடுவில் அவருடைய கணவரும் மகளும்.

"எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று கேட்டபடியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேல" என்றார் மெக்கானிக்.

மேலே ஊரே நின்றது. முன்னூற்றுப் பதினொரு பெண்கள், அவர்களுடைய அம்மா அப்பாக்கள், அத்தைகள், மாமாக்கள், ஆசிரியைகள், எல்லாருக்கும் நடுவே பிதுங்கிக்கொண்டு பூந்தொட்டிகள். சிறந்த காவலுக்காகக் காவலாளியும் ஏற்றப்பட்டிருந்தார். சென்ற ஆண்டைவிடக் குறைவாகக் கடித்தவள் மேசை ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, பொடிசைப் பார்த்துக் கேடயத்தை ஆட்டினாள். பொடிசு இரண்டு கையையும் ஆட்டினாள். அந்த மண்டபத்திலேயே கை காலியாக இருந்தவர்கள் அவர்கள் மூன்று பேர்தான்.

துணைத்தலைவர் பேச எழுந்தார். எழுதிவைத்த உரை அது. "கடலெனத் திரண்டிருக்கும் பெற்றோர்களே" என்று நர்ஸைப் பார்த்துத் தொடங்கினார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "பின் வரிசையில் இடமில்லாமல் நிற்பவர்களே" என்றார். மெக்கானிக் மரியாதைக்கு எழுந்து நின்றார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனை பள்ளிகளில் எவ்வளவு மகிழ்ச்சி அளக்கப்பட்டது என்று புள்ளிவிவரம் சொன்னார். "நானே எங்க வாரியத்துல பதினேழு வருஷமா மகிழ்ச்சிய அளக்கறேன்" என்று உரையிலிருந்து விலகி ஒரு வரி சொன்னார். "வீட்டுல கேட்டா, நீங்க சிரிச்சுப் பாத்ததே இல்லன்னு சொல்றாங்க. அளக்கறவன் சிரிச்சா முள்ளு ஆடிடும்." உரையில் அந்த இடத்தில் கைதட்டல் என்று எழுதியிருந்ததோ என்னவோ, பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்.

மூன்று பேரும் தட்டினார்கள். மகிழ்ச்சிமானி ஒன்றைக் காட்டியது. பொடிசு மட்டும் இன்னும் கொஞ்சம் தட்ட, ஒன்றேகால்.

தலைமையாசிரியையின் முகம் வெளுத்தது. நூறு சதவீதப் பரிசு கொடுத்தாயிற்று, ஆனால் முள் ஒன்றேகாலில் நிற்கிறதே. இன்னொரு பரிசு கொடுத்தால் இன்னொரு கைதட்டல் கிடைக்குமே என்று ஒருங்கிணைப்பாளர் அவர் காதில் சொன்னார். இருவரும் நோட்டைப் புரட்டினார்கள். பிறகு ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடித்தார். முன்னூற்றுப் பன்னிரண்டாவது பரிசு அகப்பட்டுவிட்டது. இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கைதட்டிய சிறந்த பார்வையாளர். சாட்சி, மேடையில் நிற்கும் அத்தனை பேரும். பொடிசை இந்த நிமிடம் முதல் மறுபடி மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாகவும், அவள் குடும்பத்தோடு உடனே மேடைக்கு வர வேண்டும் என்றும் அறிவித்தார்.

மெக்கானிக்கின் நெஞ்சு ஒரு கணம் பொங்கியது. அதை அவர் பிற்பாடு மனைவியிடமும் ஒப்புக்கொண்டார். எழுந்தே விட்டார். பொடிசு எழவில்லை. மேடையையும் தன்னைச் சுற்றியிருந்த நாற்காலிகளையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நாங்களும் மேல வந்துட்டா யாரு மிஸ் பாப்பாங்க?" என்று கேட்டாள்.

மண்டபம் காலியாக இருந்ததால் அந்தச் சின்னக் குரல் எல்லா மூலைக்கும் போயிற்று. ஒருங்கிணைப்பாளர் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவர் சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். பார்வையாளரே இல்லாத நிகழ்ச்சி விழா ஆகாது, கூட்டம் ஆகும். கூட்டத்துக்குத் தீர்மானம் நிறைவேற்றலாம், சான்றிதழ் தர முடியாது. அவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அவர் மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது, குறைவாகக் கடித்தவள் கேடயத்தைத் தலைமையாசிரியையின் நாற்காலியில் வைத்துவிட்டு மேசையிலிருந்து தொப்பென்று குதித்தாள். நேராக வந்து பொடிசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நானும் பாக்கறேன்" என்றாள். அதற்கடுத்து விரலை நசுக்கிக்கொள்ளாதவள் குதித்தாள். பிறகு மழை வந்தவள். பிறகு யார் முதலில், யார் பிறகு என்று சொல்ல முடியாதபடி மேடை பொலபொலவென்று உதிர்ந்தது. கால் கடுத்துப் போயிருந்த பெற்றோருக்கும் ஒரு சாக்கு கிடைத்தது; பூந்தொட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, குழந்தையைப் பிடித்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்து அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். காவலாளி முன் வரிசையில் காலை நீட்டிக்கொண்டார். வகுப்பு ஆசிரியை செருப்பைக் கழற்றிவிட்டு, பொடிசுக்குப் பின்னால் உட்கார்ந்து, அன்றைக்கு முதல்முறையாகத் தானாகச் சிரித்தார்.

ஐந்து நிமிடத்தில் மண்டபம் நிரம்பியது. மேடையில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள்: தலைமையாசிரியை, ஒருங்கிணைப்பாளர், துணைத்தலைவர். சுற்றிலும் முன்னூற்றுப் பதினொரு கேடயங்களும் பூந்தொட்டிகளும்.

கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியை நா வறண்டு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். பொடிசு கைதட்டினாள். உடனே எல்லாப் பெண்களும் தட்டினார்கள். தலைமையாசிரியை திடுக்கிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அதற்கும் தட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைத் தேடினார். அது தலையிலேயே இருந்தது. கிடைத்ததும் கூரை பிளக்கக் கைதட்டல். அவர் பயந்துபோய் விசிலை ஊதினார். அவ்வளவுதான், நாற்காலி மேல் ஏறி நின்று குதித்தார்கள். பெரியவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸ் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசிலடித்தார். பத்து வருடம் கூட வாழ்ந்தும் அவருக்கு அது வரும் என்று மெக்கானிக்குக்குத் தெரியாது. ஆச்சரியத்தில் அவர் தட்டவும் மறந்து மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகிழ்ச்சிமானியின் முள் பத்தைத் தாண்டி ஓரத்தில் மோதி அங்கேயே சிக்கிக்கொண்டது. பிறகு சத்தம் அடங்கியபோதும் இறங்கவில்லை. பெட்டியில் லேசாக ஒரு தட்டு தட்டினால் இறங்கிவிடும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். அவர் எதுவும் பேசவில்லை. துணைத்தலைவர் அதை உற்றுப் பார்த்தார். பதினேழு வருடத்தில் அப்படி ஒரு முள்ளை அவர் கண்டதில்லை. உதடு ஓரத்தில் ஏதோ துடிக்க, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சட்டம் போட்ட சான்றிதழைத் தலைமையாசிரியையிடம் நீட்டினார். இது தங்கள் நீண்டகாலத் திட்டமிடலின் பலன் என்றும், அடுத்த ஆண்டு முதல் எல்லாக் குழந்தைகளுமே சிறந்த பார்வையாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள் என்றும், அதற்காக ஒரு குழு அமைக்கப்படும் என்றும் தலைமையாசிரியை மைக்கில் சொன்னார். மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தபோது கிடைத்த கைதட்டலில் பாதிகூட அந்தப் பேச்சுக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றரை மணிக்குப் பசி எடுத்து எல்லாரும் கிளம்பத் தொடங்கினார்கள். கேடயங்களை எடுத்துப் போக யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மெக்கானிக் ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டார், மறு கையில் மனைவியின் பையை வாங்கிக்கொண்டார். வாசல் வரை வந்ததும் பொடிசு திரும்பிப் பார்த்தாள். மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. மேடையில் அந்த மூன்று பேரும் இறங்கலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்தபடி, மேடையேறியவர் இறங்கக் கூடாது என்ற விதியை யார் முதலில் மீறுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பாவம்ப்பா அவங்க" என்றாள் பொடிசு. "ஒரே ஒரு தடவ தட்டிட்டுப் போலாம்."

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார். மூன்று பேரும் வாசலில் நின்று, கை சிவக்கத் தட்டினார்கள். மேடையில் ஒருங்கிணைப்பாளர் அம்மா யாருக்குத் தட்டுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். தனக்குத்தான் என்று தெரிந்ததும், கழுத்து விசிலைச் சரிசெய்துகொண்டு, புடவையை இரண்டு விரலால் பிடித்து, ஒன்றாம் வகுப்புப் பெண்ணைப் போலக் குனிந்து வணக்கம் சொன்னார்.